ஆஃப் சார் ஏற்றத்தில் வண்டி எடுப்பது பற்றி

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இதை நான் கதையாக எழுத உட்காரவில்லை. வாகனங்களைப் பற்றி எழுதும் ஓர் இணையப் பத்திரிகை என்னிடம் கட்டுரை கேட்டது. தலைப்பையும் அவர்களே அனுப்பிவிட்டார்கள்: ‘பழைய காரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், நிற்கும்போது இன்ஜின் நடுங்கினால், என்ன செய்வது?’ எண்ணூறு வார்த்தை. எளிய நடை. கடைசியில் கட்டம் கட்டி ஐந்து குறிப்புகள்.

காரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டு விஷயம். அதற்கு நான்கு சக்கரம் உண்டு. கதவைச் சாத்துவதற்கு முன் விரலை எடுத்துவிட வேண்டும். ஆனால் எழுதுகிறவர்கள் ‘எனக்குத் தெரியாது’ என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. சரி என்று பதில் போட்டுவிட்டுக் கீழ்வீட்டு டீச்சரிடம் ஓடினேன்.

டீச்சர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நானும் அவரிடம் பதினோரு வகுப்பு போயிருக்கிறேன். பன்னிரண்டாம் நாள் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, “நீங்க எழுதறதோட நிறுத்திக்கங்க. அதுல யாருக்கும் அடி படாது” என்றார். (அவர் என் கதைகளைப் படித்ததில்லை.)

மாடிப்படியில் உட்கார்ந்து, தன் பத்தொன்பது வயதுக் காருக்குக் கடந்த மூன்று மாதங்களில் என்ன ஆயிற்று என்று சொல்ல ஆரம்பித்தார். முதல் அரைமணி நேரம் குறிப்பெடுத்தேன். அதற்கப்புறம் பேனா தானாக நின்றுவிட்டது. கட்டுரை இன்றுவரை போய்ச் சேரவில்லை. பத்திரிகையிலிருந்து மூன்று மின்னஞ்சல் வந்துவிட்டது. கீழே இருப்பது அவற்றுக்கு என் பதில் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

2.

முதல் தொடக்கம்: “டாஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தபோது, டீச்சரின் வாழ்க்கையிலும் ஏதோ ஒன்று…”

(இல்லை. விளக்கையும் வாழ்க்கையையும் முடிச்சுப் போட்டால் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிவிடும்படி வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். அது இன்ஜின் விளக்கு. அதற்கு இன்ஜினைப் பற்றி மட்டும்தான் தெரியும். அதுவும் அரைகுறையாக.)

இரண்டாவது தொடக்கம்: “பனி விலகாத அந்த அதிகாலையில்…”

(பனியும் இல்லை, அதிகாலையும் இல்லை. பகல் பதினோரு மணி. முதுகு பனியனோடு ஒட்டிக்கொள்கிற வெயில்.)

மூன்றாவது கொஞ்சம் கிளம்புகிற மாதிரி இருக்கிறது. அதையே வைத்துக்கொள்வோம்:

செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு, நாற்சந்தி சிக்னலில் நின்றுகொண்டிருந்த டீச்சரின் கார், குளிர்காய்ச்சல் கண்டவரைப் போல் நடுங்க ஆரம்பித்தது. ஸ்டீயரிங் நடுங்கியது. கண்ணாடி நடுங்கியது. கண்ணாடியில் தெரிந்த பின்னால் நின்ற லாரியும் நடுங்கியது. டாஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. இப்போது அதற்குத் துணையாகச் சிவப்பு எண்ணெய்க் குவளையும் சிவப்பு பேட்டரியும் மினுக்கின. பிறகு எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தன. இன்ஜின் நின்றது.

“ஆஃப் ஆயிடுச்சு டீச்சர்” என்றார் ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர்.

“தெரியுது சார்” என்றார் டீச்சர்.

“நான் ஒண்ணும் பண்ணல.”

“அதுவும் தெரியுது.”

பின்னாலிருந்த லாரி, தன் கருத்தை ஹாரனில் சொன்னது.

3.

இங்கே ஆட்களை அறிமுகப்படுத்த வேண்டும். நல்ல கதைகளில் அது போகிற போக்கில் நடந்துவிடுமாம். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

ஓட்டுநர் இருக்கையில் இருந்தவருக்கு அறுபத்து மூன்று வயது. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் வருகைப் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவர். இரண்டு முறை ஓட்டுநர் தேர்வுக்குப் போயிருந்தார். இரண்டு முறையும் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுக்கச் சொன்னார்கள். நிறுத்தினார். எடுப்பதற்குள் வண்டி நடுங்கி ஆஃப் ஆனது. தேர்வு அதிகாரி படிவத்தில் ‘வண்டி ஆஃப்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து அவர் பெயர் ஆஃப் சார். நேரில் யாரும் கூப்பிடுவதில்லை. அவருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

பின் இருக்கையில் அவர் மனைவி. ஒரு வகுப்பு தவறாமல் கூடவே வருவார். ஊரில் எல்லாருக்கும் அவர் வேன் அக்கா. அதே பள்ளிக்கூடத்தின் வேனை இருபத்தாறு வருடம் ஓட்டியவர். இருபத்திரண்டு பிள்ளைகள் பின்னால் நின்றுகொண்டு அலறும்போது, அந்த அலறலுக்கு அடியில் இன்ஜின் என்ன சொல்கிறது என்று கேட்டுப் பழகிய காது. இரண்டு வருடமாகக் கண்ணில் கோளாறு. ஓரங்கள் தெரியும். எதைப் பார்க்கிறாரோ, அதன் மேல் சரியாக ஒரு சாம்பல் வட்டம் உட்கார்ந்துகொள்ளும். மாதம் ஒருமுறை கண் மருத்துவமனையில் ஊசி. இருக்கிற பார்வை இன்னும் குறையாமல் இருக்கத்தான் ஊசி, போனது திரும்புவதற்கு இல்லை.

வீட்டில் அவர்களுடைய சொந்தக் கார் ஒன்று ஷெட்டில் நிற்கிறது. அதை வேன் அக்காதான் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆஃப் சார் முப்பது வருடமாகப் பக்கத்து இருக்கைக்காரர்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: முதல் வரைவில் ஆஃப் சாரை வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவாளராக வைத்திருந்தேன். அப்படி வைத்தால் அவர்தான் கடைசியில் காதைத் தீட்டிக்கொண்டு கோளாறைக் கண்டுபிடிப்பார் என்று இரண்டாவது பத்தியிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். டீச்சரும், “அவர் பதிவேடு எழுதினவர், அப்படியே எழுதுங்க” என்று சொல்லிவிட்டார்.)

4.

இந்தப் பகுதியைப் பத்திரிகைக்காரர்கள் எடுத்துக்கொள்ளலாம். கட்டுரைக்கு ஆகும்.

டீச்சரின் மெக்கானிக் பெயர் மீசை. மீசை இருப்பதால் அல்ல. எதைக் கேட்டாலும் பதில் சொல்வதற்கு முன் மீசையைத் தடவுவதால். (அவரைக் கொஞ்சம் தத்துவம் பேசுகிறவராக ஆக்கலாமா என்று ஆசைப்பட்டேன். முடியவில்லை. அவர் பேசியது முழுக்க வண்டியைப் பற்றி. மீதி நேரம் போனில்.)

முதல் தடவை போனபோது மீசை ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்.

“இன்ஜினுக்குள்ள காத்து அதிகமா போகுது, பெட்ரோல் கம்மியா போகுதுன்னு காட்டுது டீச்சர்.”

“அப்படின்னா?”

மீசையைத் தடவினார். “அப்படின்னா எதுவேணா இருக்கலாம். பிளக் பழசா இருக்கு, முதல்ல மாத்திடுவோம்.”

“இந்தச் சிவப்பு எண்ணெய் விளக்கு? அதப் பாத்தாதான் பயமா இருக்கு.”

“ஆயில் சரியா இருக்கு, அளந்துட்டேன். ஓடிட்டு இருக்கும்போது சிவப்பு எரிஞ்சா அந்த இடத்துலயே வண்டிய நிறுத்தணும். இது அப்படி இல்ல. இன்ஜின் சாகறதுக்கு ரெண்டு செகண்ட் முன்னாடி எரியுது. அது சங்கு ஊதறது. வியாதி மஞ்சள்லதான் இருக்கு.”

பிளக் மாறியது. விளக்கை ஸ்கேனரிலேயே அழித்தார். ஷெட்டில் இன்ஜின் தூங்குகிற பூனை மாதிரி ஒரே சீராக ஓடியது. மீசை பின்சந்து வரை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டினார். இரண்டாவது நாள் ஆஃப் சாரின் வகுப்பில் நடுக்கம் வந்தது. சாயங்காலம் மஞ்சள் விளக்கும் வந்துவிட்டது.

இரண்டாவது தடவை, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற காயிலை மாற்றினார். ஷெட்டில் பூனை. சிக்னலில் குளிர்காய்ச்சல்.

மூன்றாவது தடவை, இன்ஜினுக்குக் காற்று போகிற த்ராட்டில் வழியைக் கழற்றி, கரி போகக் கழுவினார். பூனை. காய்ச்சல்.

“இது உங்க ஸ்டூடண்ட் கோளாறு டீச்சர்” என்றார் மீசை. “மத்தவங்க ஓட்டும்போது வருதா?”

டீச்சர் யோசித்தார். அவருக்கு மொத்தம் ஆறு பேர். மற்ற ஐந்து பேர் ஓட்டும்போது சிக்னலில் லேசாக ஒரு முனகல், அவ்வளவுதான். ஆஃப் சார் ஓட்டினால்தான் கை கால் உதறல். ஒருவருடைய நடை பிடிக்காமல் நாய் குரைப்பதுபோல், வண்டிக்கு அவரைப் பிடிக்கவில்லையோ என்று டீச்சருக்கே ஒரு கணம் தோன்றியிருக்கிறது. அதை என்னிடம் சொல்லும்போது வெட்கப்பட்டார்.

“அப்ப நீ வா” என்றார் மீசையிடம். “அவர் ஓட்டட்டும். நீ பின்னாடி உக்காந்து பாரு.”

5.

நாற்சந்தி சிக்னல். ஓட்டுநர் இருக்கையில் ஆஃப் சார். பக்கத்தில் டீச்சர். பின்னால் வேன் அக்காவும் மீசையும். வண்டி நின்றது. நடுக்கம் ஆரம்பித்தது.

டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி ஆஃப் சார் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இரண்டு காலையும் எடுத்துவிட்டார். பதிவேடு எழுதின ஆள். விதி என்றால் விதி. நடுக்கம் மட்டும் நிற்கவில்லை.

“ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம் கேக்குது” என்றார் வேன் அக்கா. “உங்களுக்குக் கேக்கலயா?”

மீசை முன்னால் குனிந்தார். “எங்க?”

“முன்னாடி, காலடியில. பிரேக்கை மிதிச்சிருக்கும்போதுதான் இது வருது. அப்பயிருந்து கவனிக்கறேன்.”

“நான் காலை எடுத்துட்டேனே” என்றார் ஆஃப் சார்.

“அப்ப வேற யாரோ வெச்சிருக்காங்க.”

டீச்சர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

கற்றுக்கொடுக்கிற காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. ஆபத்துக்கு மட்டும். மற்ற ஐந்து மாணவர்களோடு போகும்போது டீச்சரின் கால் தரையில் இருக்கும். ஆஃப் சாரோடு போகும்போது மட்டும் அந்தக் கால், டீச்சருக்கே தெரியாமல், சாவியைத் திருப்பினதிலிருந்து இறங்குகிற வரை பிரேக்கின் மேல் அழுத்தி உட்கார்ந்திருந்தது.

காலை எடுத்தார். நடுக்கம் நின்றது. வைத்தார். ஸ்ஸ்ஸ். நடுக்கம். எடுத்தார். பூனை.

மீசை பின் இருக்கையில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். “பூஸ்டர். பிரேக் பூஸ்டர். கால்ல அவ்வளவு பலம் வேண்டாம்னு, இன்ஜின் இழுக்கற காத்தை வெச்சு பிரேக்க அழுத்திக் குடுக்கற டப்பா அது. உள்ள இருக்கற ரப்பர் கிழிஞ்சிருக்கு. மிதிக்க மிதிக்க அது வழியா வெளிக்காத்து நேரா இன்ஜினுக்குள்ள போகுது. ஷெட்ல யாருமே பிரேக் மிதிக்கல. எப்படித் தெரியும்?”

“ஏற்றத்துல?” என்றார் டீச்சர்.

“ஏற்றத்துல பிரேக் மிதிச்சுத்தான நிக்கணும். வண்டி சாகாம என்ன பண்ணும்? இன்னும் பத்து நாள் விட்டிருந்தா பிரேக்கே கல்லு மாதிரி ஆகியிருக்கும்.”

டீச்சர் ஆஃப் சாரின் பக்கம் திரும்பினார். “சார், மன்னிச்சுக்கங்க. நீங்கன்னே நினைச்சிட்டிருந்தேன்.”

ஆஃப் சார் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே, “பரவால்ல டீச்சர்” என்றார். நிரபராதி என்று தீர்ப்பான மனிதர் முகத்தில் கொஞ்சமாவது சந்தோஷம் தெரிய வேண்டும் இல்லையா? தெரியவில்லை. டீச்சர் அப்போது அதைக் கவனிக்கவில்லை. கவனித்ததாக எழுதலாம் என்று பார்த்தேன். பொய்யாகிவிடும்.

கட்டுரை இந்த இடத்தில் முடிந்துவிட்டது. குறிப்பு ஒன்று: வண்டி எந்த நேரத்தில் நடுங்குகிறதோ, அந்த நேரத்தில் யார் எதை மிதித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். மற்ற நான்கு குறிப்புகள் பின்னால் வரும். (வராது.)

6.

புது பூஸ்டர் போட்டாயிற்று. இரண்டு வாரம் மஞ்சள் விளக்கு எட்டிப் பார்க்கவில்லை. டீச்சர் தன் இரண்டு பாதங்களையும் கதவோரம் ஒதுக்கி வைத்துக்கொள்ளப் பழகினார். முதல் நாள் தொடைச் சதை இழுத்துக்கொண்டது. ஆஃப் சார் நன்றாகவே ஓட்டினார். ஏற்றத்தில் எட்டு தடவை நிறுத்தி எடுத்தார், எட்டு தடவையும் அலுங்காமல். மூன்றாவது தேர்வுக்குத் தேதி வாங்கினார்கள்.

தேர்வு மைதானத்தின் பின்பக்கம் ஒரு குட்டி ஏற்றம். நடுவில் வெள்ளைக் கோடு. டீச்சரின் இருக்கையில் அதிகாரி அம்மா உட்கார்ந்துகொண்டார். கழுத்தில் கயிறு கட்டிப் பேனாவைத் தொங்கவிட்டிருந்தார். டீச்சரும் வேன் அக்காவும் சுவரோர பெஞ்சில். அங்கிருந்து ஏற்றம் நன்றாகத் தெரியும். வேன் அக்காவுக்குக் கேட்கும்.

வண்டி கோட்டில் நின்றது. இன்ஜின் ஓடுகிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு அமைதி. மீசை இருந்திருந்தால் கட்டைவிரலைக் காட்டியிருப்பார்.

கிளம்பியது. ஆஃப்.

திரும்ப ஸ்டார்ட். ஆஃப்.

மூன்றாவது வாய்ப்புதான் கடைசி. ஸ்டார்ட். ஒரு நிமிடம் நின்றது. ஆஃப்.

“பூஸ்டர் திரும்பக் கிழிஞ்சிருச்சா என்ன” என்று டீச்சர் எழுந்தார்.

வேன் அக்கா அவர் புடவைத் தலைப்பைப் பிடித்து உட்கார வைத்தார். “வண்டி இல்ல டீச்சர். கால்.”

“பதட்டம்க்கா. பரீட்சைன்னா யாருக்கும்…”

“பதட்டத்துல ஆஃப் ஆனா வண்டி இருமி இருமித்தான் நிக்கும். கிளட்ச்ச விடலாமா வேண்டாமான்னு கால் தடுமாறும். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இது ஒரே குலுக்கல், உடனே அமைதி. காலைப் பட்டுனு எடுத்திருக்கார். மூணு தடவையும் ஒரே மாதிரி. தப்பு பண்றவங்க மூணு தடவையும் ஒரே மாதிரி பண்ண மாட்டாங்க.”

7.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றேன். இரண்டு நாள் எழுதவில்லை. ஒரு மனிதர் வேண்டுமென்றே மூன்று தடவை வண்டியை ஆஃப் செய்து தோற்றார் என்றால் வாசகர் நம்புவாரா? டீச்சரிடம் கேட்டேன். “பதினோரு வகுப்பு வந்தும் உங்களுக்கு ஓட்ட வரலங்கறத நான் நம்பினேன்ல?” என்றார். மேலே எழுதுகிறேன்.

ஆஃப் சார் படிவத்தை மடித்துக்கொண்டே வந்தார். “திரும்ப ஆஃப் ஆயிடுச்சு” என்றார்.

“உக்காருங்க” என்றார் வேன் அக்கா.

உட்கார்ந்தார்.

“ஏன் பண்ணினீங்க?”

“என்ன பண்ணினேன்?”

“போன ரெண்டு தடவையும் எனக்குச் சந்தேகம். வண்டி நடுங்கின நடுக்கத்துல சரியாக் கேக்கல. இன்னிக்கு வண்டி சுத்தமா இருக்கு. உங்க கால் மட்டும்தான் கேட்டுது.”

ஆஃப் சார் மைதானத்தைப் பார்த்தார். வேறு யாரோ ஒரு பெண் வெகு நிதானமாகப் பின்பக்கமாக வண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முடிக்கும் வரை பார்த்தார்.

“போன ரெண்டு தடவை வண்டியே பாத்துக்குச்சு” என்றார். “எனக்கு வேல இல்லாம போச்சு. இன்னிக்குத்தான் நானா பண்ண வேண்டியதாயிடுச்சு.”

“அதான் ஏன்னு கேக்கறேன்.”

“நான் பாஸ் ஆயிட்டா நீ எங்க உக்காருவ?”

டீச்சர் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தார். பெஞ்சில் நடுவில் இருந்தவர் அவர்தான். இரண்டு பக்கமும் ஆள். போக வழியில்லை.

“நான் உன்ன முதல்ல பாத்ததே டிரைவர் சீட்லதான்” என்றார் ஆஃப் சார். “கேட்டுக்கு உள்ள வேன ஒரே திருப்புல திருப்பின. பதிவேட்ல அன்னிக்கு எல்லாருக்கும் ஆப்சென்ட் போட்டேன். முப்பது வருஷமா நான் சும்மா பக்கத்துல உக்காந்து வந்திருக்கேன். காலையில நீ ஷெட்டுக்குப் போயி, சாவியப் போட்டு, பத்து நிமிஷம் இன்ஜின ஓடவிட்டுட்டு உக்காந்திருக்கியே, அத ஜன்னல்லருந்து பாப்பேன். நான் ஃபெயில் ஆகற வரைக்கும் அது உன் வண்டி.”

(கதையின் நல்ல இடம் இது. நான் எழுதினது இல்லை, அவர் சொன்னது. இங்கே வேன் அக்கா கண்கலங்கி அவர் கையைப் பற்றினார் என்று ஒரு வாக்கியம் எழுதி வைத்திருந்தேன். டீச்சர் படித்துவிட்டு, “கைய எங்க பிடிச்சாங்க, அடிக்காத குறை” என்றார்.)

“எனக்குக் கண்ணு போனது எனக்குத் தெரியாதா?” என்றார் வேன் அக்கா. குரல் உயரவில்லை. இருபத்திரண்டு பிள்ளைகளை அடக்கிய குரல் அது. உயர வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. “நீங்க ஃபெயில் ஆனா எனக்குப் பார்வை வந்துடுமா?”

“வராது.”

“டீச்சர் மூணு மாசமா வண்டியப் பிரிச்சு மேஞ்சிருக்காங்க, உங்க நடிப்புக்கு.”

“இல்லக்கா, பூஸ்டர் நிஜமாவே கிழிஞ்சுதான் இருந்தது” என்றார் டீச்சர். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

“உங்களுக்கு ஒண்ணு தெரியாது” என்றார் வேன் அக்கா. “உங்கள இவங்ககிட்ட சேத்துவிட்டேனே, அதுக்கு முந்தின நாள். நீங்க குளிச்சிட்டு இருந்தீங்க. நான் வண்டிய வெளிய எடுத்தேன்.”

“தெரியும். தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்த. வந்து நிறுத்தினது கோணலா இருந்தது.”

“போனது தெரியும். நடந்தது தெரியாது. முனையில ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. எனக்குத் தெரியல. மணிச் சத்தம் கேட்டுதான் பிரேக் போட்டேன். அவங்க என்னமோ திட்டிட்டுப் போனாங்க. ஆணா பொண்ணான்னு கூட எனக்குத் தெரியல. மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல சாம்பல் வட்டம்.”

ஆஃப் சார் கையிலிருந்த படிவத்தை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார்.

“சத்தியமா இனி எடுக்க மாட்டேன்னு அன்னிக்கு நினைச்சேன். அடுத்த வாரமே சாவி கையில இருந்தது. முதல் கியர் போட்டுட்டேன். நீங்க காபி கேட்டுக் கூப்பிட்டீங்க, அதனால இறங்கினேன். என்ன எனக்குத் தெரியும். அந்த சீட் எனக்குன்னு இருக்கற வரைக்கும் நான் எடுப்பேன். நீங்க பாஸ் ஆகணும்னு கேக்கறது ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குன்னா நினைச்சீங்க? அதுக்கு வாடகை வண்டி இருக்கு.”

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நடுங்கும் வண்டி ஒன்றை ஸ்டார்ட் செய்ய முயன்றுகொண்டிருந்தார்கள். மூன்று பேருக்கும் கேட்டது. மூன்று பேரும் திரும்பவில்லை.

“எனக்குச் சொல்லியிருக்கலாம்ல” என்றார் ஆஃப் சார் கடைசியில்.

“நீங்களும்.”

8.

நான்காவது தேர்வுக்கு மூன்று வாரம் தள்ளித்தான் தேதி கிடைத்தது. வீட்டுக் காரின் சாவி அன்று சாயங்காலமே டீச்சரின் கைப்பைக்குள் போனது. வேன் அக்கா தானாகக் கொண்டுவந்து கொடுத்தார். “நான் கேட்டா குடுக்காதீங்க. கெஞ்சினா கதவச் சாத்துங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். நான்கு நாள் கழித்து வந்து கேட்டார். டீச்சர் கதவைச் சாத்தினார். அடுத்த நாள் பஜ்ஜியோடு… (இல்லை, பஜ்ஜி என் கற்பனை. அடுத்த நாள் வெறும் கையோடுதான் வந்தார், ‘தேங்க்ஸ்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.)

நடுவில் ஊசி போடும் நாள் வந்தது. வகுப்பு நேரமும் அதே நேரம். டீச்சர் ஒரு வேலை செய்தார். பாடத்தை மருத்துவமனை வழியாகத் திருப்பிவிட்டார். ஆஃப் சார் ஓட்ட, டீச்சர் பக்கத்தில், வேன் அக்கா பின்னால். நாற்சந்தி, மேம்பாலம், மருத்துவமனை வாசலில் அந்த மோசமான ஏற்றம். முன்னால் ஆம்புலன்ஸ் ஒன்று இறங்கிக்கொண்டிருந்ததால் ஏற்றத்தின் நடுவில் நிறுத்த வேண்டி வந்தது. பின்னால் ஒரு ஆட்டோ, பம்பரை முகர்ந்துகொண்டு.

எடுத்தார். அலுங்காமல்.

வேன் அக்கா பின்னாலிருந்து, “கொஞ்சம் அதிகமா ஆக்ஸிலேட்டர் குடுத்தீங்க” என்றார்.

“ஏத்தம்ல.”

“இருபத்தாறு வருஷம் பின்னாடி உக்காந்து எனக்கு யோசனை சொன்னவங்க எல்லாரையும் திட்டியிருக்கேன். அதுல என்ன ஒரு சுகம்னு இப்பத்தான் தெரியுது.”

பாஸ் ஆனபின் முன்னால் உட்காரப் போகிறாரா என்று டீச்சர் கேட்டார். “அது அவர் சீட்டு. அதுல உக்காந்தா எனக்குத் தூக்கம் வரும். முப்பது வருஷமா பாத்திருக்கேன்ல, ஏறினதும் தலை சாஞ்சிரும்” என்றார் வேன் அக்கா.

ஊசி போட்டு, ஒரு கண்ணை மூடிக் கட்டி, வெளியே வந்தார். படிக்கட்டில் ஆஃப் சார் கை கொடுக்கப் போனார். தட்டிவிட்டு, தானே கைப்பிடியைப் பிடித்து இறங்கினார். கடைசிப் படியில் மட்டும் அவர் தோளில் கை வைத்தார். வைத்த கையை வண்டி வரை எடுக்கவில்லை.

திரும்பும்போது பின் இருக்கையில் ஒரு சத்தமும் இல்லை. டீச்சர் கண்ணாடியில் பார்த்தார். அழுகிறாரா என்று பார்த்தார். கட்டுக்கு வெளியே இருந்த கண் மூடியிருந்தது. தூக்கமா, இல்லையா என்று சொல்ல முடியவில்லை என்றார். நானும் சொல்ல முடியாது.

9.

முடிவு எழுத வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: பாஸ். மைதானமே கை தட்டுகிறது. மீசையும் வருகிறார். டீச்சர் இதைப் படித்துவிட்டு, “அங்க யாரும் கை தட்ட மாட்டாங்க. அடுத்த ஆளு, அடுத்த ஆளுன்னு போயிட்டே இருப்பாங்க” என்றார்.

இரண்டாவது முடிவு: யாரோ ஒருவர் இறந்துபோகிறார். முடிவு பிடிபடாதபோது ஆளைக் கொல்வது எங்கள் தொழிலில் வழக்கம். மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தேன். மனசு வரவில்லை. மீசையைக் கொல்லலாம் என்றால், என்னுடைய ஸ்கூட்டர் அவர் ஷெட்டில் நிற்கிறது.

மூன்றாவது முடிவு: திரும்ப ஃபெயில் ஆகிறார். இந்தத் தடவை உண்மையான பதட்டத்தால். வண்டி இருமி இருமி நிற்கிறது. பெஞ்சில் வேன் அக்கா அதைக் கேட்டுவிட்டு, “இது நிஜம்” என்று நிம்மதியாகச் சிரிக்கிறார். இது எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்ததால் சந்தேகப்பட்டு அடித்துவிட்டேன்.

டீச்சரிடம் போய், “நிஜமா என்னதான் ஆச்சு?” என்றேன்.

“தேர்வு செவ்வாக்கிழமை பத்து மணிக்குத்தான்.”

இன்று திங்கள். பகல் இரண்டு மணி. பத்திரிகையிலிருந்து நான்காவது மின்னஞ்சல் வந்திருக்கிறது: ‘இன்றைக்குள் அனுப்பாவிட்டால் வேறொருவரிடம் கொடுத்துவிடுவோம். கட்டம் கட்ட ஐந்து குறிப்புகளை மறக்க வேண்டாம்.’

10.

ஆகவே, நீங்கள்தான். வேறு ஆள் எனக்குக் கிடைக்கவில்லை. நாளைக்கு அந்த அதிகாரி அம்மா விடுப்பு, அவருக்குப் பதில் நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன் கதவைத் திறந்து உட்காருங்கள். பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். மடியில் படிவம். அதில் பெயர், வயது, ஏற்றம், திருப்பம், பின்னோக்கு என்று ஐந்து வரி. நான்கு வரிகள் ஏற்கெனவே நிரப்பியாயிற்று. ஏற்றம் மட்டும் பாக்கி.

உங்களுக்கு ஓட்டத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எனக்கும் தெரியாது.

பக்கத்தில் அறுபத்து மூன்று வயது மனிதர். சட்டை இஸ்திரி போட்டது. காலர் ஓரத்தில் சவரக் கத்தி கீறிய ஒரு புள்ளி ரத்தம். வண்டியை வெள்ளைக் கோட்டின் மேல் சரியாக நிறுத்திவிட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்திருக்கிறார். டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. இன்ஜின் சீராக இருக்கிறது. எந்தப் பழியையும் வண்டியின் மேல் போட முடியாத காலை அது. சுவரோர பெஞ்சில் இரண்டு பெண்கள். ஒருவர் உங்களைப் பார்க்கிறார். இன்னொருவர் தலையைச் சாய்த்துக் காத்திருக்கிறார்.

அவர் உங்கள் பக்கம் திரும்புகிறார். “எடுக்கலாமா?” என்று கேட்கிறார்.

விதிப்படி நீங்கள் சொன்னபிறகுதான் அவர் காலை அசைக்க முடியும். நான் சொல்ல முடியாது. நான் மாடியில் இருக்கிறேன்.

சொல்லுங்கள்.